சத்தம் போடாத கதவு

கார்க் கதவின் உள்பக்கப் பலகை தன் இடத்தில் போய்ச் சேரும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வரும். பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் கிளிப் துளைக்குள் சரியாக உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். சரியாக உட்காராத கிளிப்பும் சத்தம் போடும். அது 'டப்' என்று மொத்தையாக இருக்கும். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காதால் பிரித்துச் சொல்வதுதான் ஏழு வருடம் என் வேலையாக இருந்தது. பரிசோதனை மேசையில் கதவு போலவே செய்த ஓர் இரும்பு ஃபிக்சர் இருக்கும். பலகையை அதில் மாட்டி, மேலிருந்து கீழாக உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே வர வேண்டும். டக், டக், டக். பிறகு தையல். பிறகு ஓரங்கள். ஒரு பலகைக்கு ஒன்றரை நிமிடம்.

நான் வேலை பார்த்தது ஓர் உதிரிபாகக் கம்பெனியில். எங்கள் பலகைகள் போய்ச் சேர்ந்த இடம் மகேந்திரா வேர்ல்ட் சிட்டியில் இருக்கும் பிஎம்டபிள்யூ ஆலை. செங்கல்பட்டிலிருந்து சென்னைக்கு ரயிலில் போகிறவர்களுக்கு இடம் தெரியும். கொளவாய் ஏரியின் தண்ணீர் முடிந்து, பரனூர் ஸ்டேஷன் வரும்போது கூரைகளாகத் தெரியும். 2007 மார்ச்சில் அந்த ஆலை திறந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். ஜெர்மனியிலிருந்து பெட்டி பெட்டியாக வரும் பாகங்களை இங்கே கோத்து முழுக் காராக்குவார்கள் என்று வாத்தியார் சொன்னார். 2015ல்தான் எஞ்சின், கியர்பெட்டி, இருக்கை, கதவுப் பலகை என்று பாதியளவு சாமான்கள் நம் பக்கத்திலேயே தயாராகத் தொடங்கின. சச்சின் டெண்டுல்கர் ஆலைக்கு வந்து ஊழியர்களோடு நின்று ஒரு காரைக் கோத்தது அந்த வருடம்தான். அந்தப் பேப்பர் படத்தை அம்மா அரிசி டப்பாவின் மூடியில் ஒட்டி வைத்திருந்தாள். நான் வேலைக்குச் சேர்ந்ததும் அதே வருடம்.

ஏழு வருடத்தில் எத்தனை ஆயிரம் பலகைகளை அழுத்தியிருப்பேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் அதில் ஒன்றைக்கூட ஓடுகிற காரில் நான் பார்த்ததில்லை. ஜி.எஸ்.டி. சாலையில் அந்தக் கார்கள் கம்பெனி பஸ்ஸைத் தாண்டிப் போகும்போது வெளிப்பக்கம் தெரியும். எங்கள் வேலை உள்பக்கம். அது கண்ணாடிக்குப் பின்னால் போய்விடும்.

அந்தக் கண்ணாடிக்கு உள்பக்கம் என்னைக் கூட்டிவந்தவர் ஒரு டாக்டர். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு முறிவுப் பிரிவில் நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா கிணற்றடியில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டபோது அறுவை செய்து நடக்க வைத்தவர். ஓய்வுக்குப் பிறகு திருப்போரூர் பக்கம் இருந்த ஒரு மனையை விற்று, எம்340ஐ என்ற கார் வாங்கியிருந்தார். 2021 மார்ச்சில் வந்த வண்டி அது. பிஎம்டபிள்யூவின் எம் வரிசையில் நம் நாட்டிலேயே கோக்கப்பட்ட முதல் கார். வரிசையாக ஆறு சிலிண்டர், மூன்று லிட்டர், 387 குதிரைத்திறன். நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்துக்கு 4.4 விநாடி. அம்மாவைக் காட்டப் போன இடத்தில், நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டார்.

"அப்ப என் வண்டிக் கதவு உங்க கையால வந்ததா?"

"இருக்கலாம் சார். அந்த மாடல் எங்க லைன்லதான் போச்சு."

"உட்கார்ந்து பார்த்திருக்கீங்களா தம்பி?"

இல்லை என்றேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கிற நண்பர்கள் சேர்ந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு பயணம் போவதாகவும், வண்டிக்கு இருவர் என்றும், அவர் வீட்டம்மாவுக்குக் கார் வேகம் ஒத்துக்கொள்ளாது என்றும் சொன்னார். "நீங்க வாங்க. அந்த சீட் உங்களுக்குத்தான்."

2022 பிப்ரவரி. காலை நாலரைக்குத் தெருமுனையில் நின்றேன். பனி இறங்கியிருந்தது. வண்டி வந்து நின்றதும் கதவைத் திறந்தேன், உட்கார்ந்தேன், மூடினேன். டாக்டர் ஏதோ பேசினார். எனக்கு ஒன்றும் ஏறவில்லை. என் இடது கை தானாகப் பலகையின் மேல் போய்விட்டது. கைப்பிடிக்கு மேலே தையல் வளைகிற இடம். அந்த வளைவில்தான் நூல் இழுத்துக்கொள்ளும், அங்கேதான் நாங்கள் அதிகம் திருப்பி அனுப்புவோம். இருட்டில் விரல் நுனியால் தையலை எண்ணிக்கொண்டே போனேன். சீராக இருந்தது. பழகிய வீட்டில் விளக்கைப் போடாமல் ஸ்விட்சைத் தொடுவது மாதிரி இருந்தது.

திருக்கழுக்குன்றம் வழியாகப் போனோம். வேதகிரீஸ்வரர் மலையின் மேல் ஒரு விளக்கு. தினமும் உச்சிவேளையில் இரண்டு கழுகுகள் வந்து பிரசாதம் உண்டு போகும் என்பார்களே, அந்த மலை. என் தாத்தா பார்த்திருக்கிறார். என் தலைமுறைக்கு அவை வரவில்லை. ஊரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் நெல்வயல். பிறகு காற்றில் உப்பு. பக்கிங்காம் கால்வாய்ப் பாலத்தில் ஏறி இறங்கியபோது டாக்டர் சொன்னார்: "இனிமே நாம இருக்கறது ஒரு தீவு."

யோசித்துப் பார்த்தேன். மேற்கே கால்வாய், கிழக்கே கடல். வடக்கே முட்டுக்காட்டுக் கழிமுகம், தெற்கே பாலாறு கடலில் சேரும் முகத்துவாரம். நாலு பக்கமும் தண்ணீர்தான். யாரும் அதைத் தீவு என்று சொல்வதில்லை. பாலங்கள் வந்தபின் அந்த எண்ணமே போய்விட்டது. ஆனால் சாலை வருவதற்கு முன்னால் சென்னையிலிருந்து மாமல்லபுரம் பார்க்க வந்தவர்கள் இந்தக் கால்வாயில் படகேறித்தான் வந்தார்கள். இரவெல்லாம் படகில் தூங்கி விடியலில் இறங்குவார்களாம். பாறைகளும் மணலும் சவுக்குத் தோப்புகளும் மீனவக் குப்பங்களுமாக நீண்டு ஒடுங்கிய நிலம் அது. கிழக்குக் கடற்கரைச் சாலையின் அழகான பகுதி இந்த நிலத்தின் மேல்தான் ஓடுகிறது.

கோவளத்துக்கு அருகே ஒரு திறந்தவெளியில் எல்லாரும் கூடினார்கள். பதினோரு வண்டிகள். நான் படத்தில் மட்டும் பார்த்தவை. ஒரு லம்போர்கினி, ஒரு ஃபெராரி, இரண்டு போர்ஷே 911, ஒரு நிசான் ஜிடிஆர், ஒரு மஸ்டாங், இன்னும் சில. வெளிநாட்டில் முழுதாகத் தயாராகி வரும் இந்த மாதிரி வண்டிக்கு அப்போது அதன் விலை அளவுக்கே சுங்கவரி கட்ட வேண்டியிருந்தது. அதனால் அந்தத் திடலில் நின்றிருந்த பணத்தை நான் கணக்குப் போடவில்லை. போட்டால் என் கண் வேறு எதையும் பார்த்திருக்காது. நான் பார்த்தது இடைவெளிகளை. கதவுக்கும் உடலுக்கும் நடுவே மேலிருந்து கீழ்வரை ஒரே அகலத்தில் ஓடும் அந்தக் கோடு. ஒவ்வொரு வண்டியாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனேன். சொந்தக்காரர் ஒருவர் என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டார். டாக்டர் விளக்கினார். அதன்பின் அவர்களே கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கதவைத் திறந்து காட்டினார்கள். லம்போர்கினி கம்பெனியை 1963ல் தொடங்கியவர் டிராக்டர் செய்து விற்றவர் என்று ஒரு பெரியவர் எனக்குச் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சி எனக்குப் பிடித்திருந்தது. பொருளின் பிறப்பைத் தெரிந்துவைத்திருப்பவர் அதைப் பத்திரமாக வைத்துக்கொள்வார்.

புறப்படுமுன் எல்லாரையும் வட்டமாக நிற்க வைத்துச் சட்டங்கள் சொன்னார்கள். முன்னால் ஒரு வண்டி வழிகாட்டும், கடைசியில் ஒரு வண்டி எல்லாரையும் அணைத்துக்கொண்டு வரும். நடுவில் யாரும் யாரையும் முந்தக் கூடாது. ஒவ்வொரு வண்டியிலும் ஒரு வாக்கிடாக்கி. வேகத் தடை, மாடு, பள்ளம் எது வந்தாலும் முன்வண்டி சொல்ல, பின்னால் வருபவர் வரிசையாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். வேகத் தடை என்பது இந்த வண்டிகளுக்குச் சின்ன விஷயமில்லை. வயிறு தரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர்தான். சில வண்டிகளில் ஒரு பொத்தானை அழுத்தினால் மூக்குப்பகுதி கொஞ்சம் மேலே எழும். லம்போர்கினி அப்படி எழுந்து, தடையைக் கடந்து, மறுபடி தாழ்ந்ததைப் பார்த்தபோது ஆறு தாண்டும் பசுவின் ஞாபகம் வந்தது.

பதினோரு எஞ்சின்களும் ஒன்றாக உயிர் பெற்றன. அந்த ஓசையை எழுத எனக்கு வராது. ஒவ்வொன்றுக்கும் ஒரு குரல். போர்ஷேயில் எஞ்சின் பின்சக்கரத்துக்கும் பின்னால் படுத்துக்கிடக்கிறது. அதன் குரல் கரகரப்பு. லம்போர்கினியின் பத்து சிலிண்டர் அலறல். மஸ்டாங்கின் எட்டு சிலிண்டர் வயிற்றுக்குள் உருளும் இடி. நாங்கள் இருந்த வண்டியின் ஆறு சிலிண்டர்கள் நாதஸ்வரத்தின் கீழ் ஸ்தாயி மாதிரி இழைந்து ஏறின. சாலையில் ஏறியதும் டாக்டர் ஒருமுறை காலை அழுத்தினார். முதுகு இருக்கைக்குள் புதைந்தது. நான் மூச்சை இழுத்து முடிப்பதற்குள் முள் எண்பதைத் தொட்டது. அங்கேயே நிறுத்திவிட்டார். அன்று முழுவதும் அதற்கு மேல் அவர் போகவில்லை.

திருவிடந்தை தாண்டி ஓர் இடத்தில் தார் கொஞ்சம் பெயர்ந்திருந்தது. சக்கரங்கள் தடதடத்தன. எனக்கு அந்த நிமிடம் தெளிவாக ஞாபகம் இருக்கிறது. வெளியே பதினோரு எஞ்சின்களின் ஓசை. வாக்கிடாக்கியில் பேச்சு. டாக்டர் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் தலையைச் சாய்த்துக் காதைக் கதவுப் பக்கம் கொண்டுபோனேன். கிளிப் தளர்ந்திருந்தால் இந்த மாதிரித் தரையில்தான் அது பேசும். 'கிரிக் கிரிக்' என்று ஒரு சின்ன முணுமுணுப்பு. வாடிக்கையாளர் புகாரில் அதைத்தான் எழுதுவார்கள். காது கொடுத்துக் கேட்டேன். ஒன்றும் இல்லை. இன்னொரு பள்ளம். ஒன்றும் இல்லை. கதவு ஊமையாக இருந்தது. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டாக்டர் பார்த்துவிட்டு ஏசியைக் குறைக்கவா என்று கேட்டார். வேண்டாம் சார் என்றேன்.

முதலைப் பண்ணையைத் தாண்டிப் பட்டிப்புலம் பக்கம் வந்தபோது முன்வண்டி நின்றது. 'ஜனம் கடக்குது' என்று வாக்கிடாக்கியில் வந்தது, ஒவ்வொருவராகத் திருப்பிச் சொன்னோம். மீன் கூடையைத் தலையில் வைத்த ஐந்தாறு பெண்கள், பின்னால் ஒரு சின்னப் பையன். கூடையிலிருந்து தண்ணீர் சொட்ட, அவசரமே இல்லாமல் நடந்தார்கள். நடுவில் நின்று ஒரு அம்மா வண்டிகளை எண்ணினாள். எண்ணி முடித்து, பையனின் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். பதினோரு வண்டியும் காத்திருந்தன. ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை.

டாக்டர் அப்போதுதான் மனதில் இருந்ததைச் சொன்னார். "ஞாயித்துக்கிழமை காலைல எனக்கு ட்யூட்டி இருந்தா, இந்த ரோட்டுக் கேஸ்தான் முதல்ல வரும் தம்பி. ராத்திரி ரேஸ் விட்ட பசங்க. அவங்க அடிச்சிட்டுப் போன மீன்காரம்மாங்க. இருபது வயசுப் பையனோட கால எடுத்திருக்கேன், இந்தக் கையால." கொஞ்ச நேரம் பேசவில்லை. "எனக்கு வேகம்னா உயிர். காலேஜ் படிக்கும்போது சோழவரத்துக்கு ரேஸ் பார்க்கப் போவோம். பழைய விமானத் தளம் அது. வெயில்ல நின்னு பாப்போம். இப்ப இருங்காட்டுக்கோட்டை இருக்கு. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1990ல தொறந்த டிராக். அங்க போய் ஓட்டுவேன், ஹெல்மெட் போட்டு, ஆம்புலன்ஸ் நிக்க வெச்சு. இந்த ரோடு ஓட்டறதுக்கு இல்ல, போறதுக்கு."

அந்தச் சாலையில் சனி இரவுகளில் பறக்கிறவர்கள் எல்லாரையும் ஒரே ஒரு நாள் அந்த எலும்பு முறிவு வார்டில் உட்கார வைக்க வேண்டும் என்பது என் எண்ணம். அன்றைக்கும் இன்றைக்கும் அதில் மாற்றமில்லை. வேகமான வண்டியை வைத்திருப்பவனுக்கு நிறுத்தத் தெரிய வேண்டும்.

சாளுவன்குப்பத்தில் புலிக்குகையைக் கடந்தோம். 2004 ஆழிப்பேரலை பாறைகளின் மேல் இருந்த மணலை வாரிக்கொண்டு போனபின், அங்கே கல்வெட்டு ஒன்று வெளிப்பட்டு, அதைப் பிடித்துத் தோண்டியதில் செங்கல்லால் கட்டிய முருகன் கோயில் கிடைத்தது. அலை கொண்டுபோனதும் கொண்டுவந்ததும் அந்தக் கரையில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன.

மாமல்லபுரத்தில் இட்லி, பொங்கல், காபி. பிறகு எல்லாரும் ஐந்து ரதங்களுக்குப் போனோம். பள்ளியில் சுற்றுலா வந்து பார்த்ததுதான். ஆனால் தொழிற்சாலையில் சேர்ந்தபின் முதல்முறையாக அன்று பார்த்தேன், வேறு மாதிரித் தெரிந்தது. வடக்கிலிருந்து தெற்காக நீண்டு கிடந்த ஒரே பாறை மேட்டை நறுக்கி, திரௌபதிக்குக் குடிசை மாதிரி ஒன்று, அர்ஜுனனுக்கு, பீமனுக்கு, தர்மராஜனுக்கு என்று வரிசையாக இறக்கியிருக்கிறார்கள். பெயர்கள் பின்னால் வந்தவை. பாண்டவருக்கும் இவற்றுக்கும் சம்பந்தமில்லை, இவை தேர்களும் இல்லை. ஏழாம் நூற்றாண்டுப் பல்லவத் தச்சர்கள் மரத்தில் கட்டிக்கொண்டிருந்த கோயில்களைக் கல்லில் செய்து வைத்த மாதிரிகள் போல இருக்கின்றன. எனக்கு உறைத்தது வேலையின் வரிசை. மேலிருந்து கீழே வந்திருக்கிறார்கள். மேல்தளங்கள் முடிந்திருக்கின்றன, அடிப்பாகம் முடியாமல் நிற்கிறது. பீமரதத்தின் கீழே கல் இன்னும் கல்லாகவே இருக்கிறது. கீழிருந்து தொடங்கினால் மேலே கொத்தும்போது விழும் சில்லு முடித்த வேலையை உடைத்துவிடும். நாங்களும் பலகையை மேலிருந்துதான் அழுத்திக்கொண்டு வருவோம். ஏன் என்று எனக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை.

டாக்டர் வீட்டுப் பூஜை அறைக்கு ஒரு பிள்ளையார் செய்யச் சொல்லியிருந்தார். அதைப் பார்க்க ஒரு சிற்பப் பட்டறைக்குப் போனோம். மாமல்லபுரத்துக் கல்சிற்பத்துக்கு 2017ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தத் தெருக்களில் நடந்தால் அது எதற்கென்று புரியும். முன்பு உளிச் சத்தம் மட்டும் இருந்தது, இப்போது பாதிக்குப் பாதி கிரைண்டர். பட்டறைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். 1957ல் தொடங்கிய அங்குள்ள அரசு சிற்பக் கல்லூரியில் படித்தவர். கண் இமையில் வெள்ளைத் தூள். பிள்ளையார் இன்னும் பாதிதான் ஆகியிருந்தார்.

வெளியே கிடந்த கற்களை எப்படித் தேர்ந்தெடுப்பீர்கள் என்று கேட்டேன். சுத்தியலை எடுத்து ஒரு கல்லைத் தட்டினார். கணீர் என்றது.

"மணி மாதிரி வருது பாரு தம்பி. இது ஆண் கல். சிவனுக்கு, பெருமாளுக்கு எடுப்போம்." இன்னொன்றைத் தட்டினார். மெல்லிய, இனிமையான ஓசை. "இது பெண் கல். அம்பாளுக்கு." மூன்றாவதில் ஓசை எழவே இல்லை. "இது படிக்கட்டுக்கு. உள்ள எங்கயோ விரிசல் ஓடுதுன்னா கண்ணுக்குத் தெரியாது. தட்டினா காட்டிக் குடுத்துடும்."

நான் என் வேலையைச் சொன்னேன். கிளிப் உட்காரும் சத்தம், உட்காராத சத்தம். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, எங்கே அந்தக் கதவு என்று எழுந்து வந்தார். டாக்டர் திறந்துவிட்டார். "தட்டலாங்களா?" "தட்டுங்க ஐயா." வளைந்த விரலின் கணுவால் பலகையின் மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில் தட்டினார். காதைக் கிட்டக் கொண்டுபோனார். பிறகு உள்ளங்கையை வைத்து, தையல் வளைகிற அந்த இடத்தில் வந்து நின்றார். நேராக அங்கே வந்து நின்றார்.

"இந்த எடம்தான் சிரமம், இல்ல?"

"ஆமாங்க."

"மூக்கு நுனி மாதிரி." கொஞ்சம் யோசித்தார். "எனக்குக் கல்லு ஓசை குடுக்கணும். உனக்கு ஓசை குடுக்கக் கூடாது. காது ஒண்ணுதான்."

பின்னால் ஃபெராரிக்காரர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் போய்த் தன் வண்டிக் கதவைத் திறந்து, அதையும் தட்டிப் பார்க்கச் சொல்லிக் கூப்பிட்டார். சிற்பி எல்லா வண்டிக் கதவையும் தட்டிப் பார்த்தார். எதற்கும் மதிப்பெண் போடவில்லை. போர்ஷேயிடம் மட்டும் கொஞ்ச நேரம் கூடுதலாக நின்றார்.

அதன்பின் தெற்கே போனோம். சதுரங்கப்பட்டினம், கல்பாக்கம், பாலாற்றுப் பாலம். தண்ணீர் மெல்லிய கோடாக மணலில் ஓடிக்கொண்டிருந்தது. ஆலம்பரைக் கோட்டைக்கு முன்னால் மணல் அதிகம் என்பதால் வண்டிகளை ஊருக்குள்ளேயே விட்டுவிட்டு நடந்தோம். இடிந்த செங்கல் சுவர், கழிமுகம், படகுகள். பிரெஞ்சுக்காரர் கையில் இருந்து 1760ல் ஆங்கிலேயர் பிடித்த கோட்டை அது. படம் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு மனம் பட்டறையிலேயே நின்றுவிட்டிருந்தது.

திரும்பும்போது மதியம் மூன்று மணி. தெருமுனையில் இறங்குகிறேன் என்றேன். டாக்டர் கேட்கவில்லை, வீட்டு வாசல்வரை கொண்டுவந்து நிறுத்தினார். எங்கள் தெருவில் அந்த மாதிரி வண்டி வந்ததில்லை. அம்மா கோலைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"அம்மா, இடுப்பு எப்படி இருக்கு? ஏறுங்க, ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் முன்கதவைத் திறந்தேன். டாக்டர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்து உட்கார வைத்தோம். இந்த வண்டிகள் தாழ்வு, இடுப்பு முறிந்தவர்களுக்குச் சிரமம்தான். கதவை நானே சாத்தினேன். பின்னால் ஏறிக்கொண்டேன். மெதுவாகப் புறப்பட்டோம். குடத்தோடு நின்றவர்கள் வழிவிட்டார்கள்.

அம்மா வண்டியின் திரையைப் பார்க்கவில்லை, வெளியே பார்க்கவில்லை. கதவின் உள்பக்கத்தைப் பார்த்தாள்.

"இதுவாடா?"

"இதுதாம்மா."

உள்ளங்கையை விரித்து அதன்மேல் வைத்தாள். சிங்கப்பெருமாள் கோயில் ரயில்வே கேட்வரை போய்த் திரும்பினோம். கையை எடுக்கவே இல்லை.